துண்டுக்கடியில என்னடி?

வாடி ஆத்தா, வா. ஊரைத் திருத்த வந்திருக்கியாம்ல? உங்கம்மா சொன்னா. நாளைக்குச் சாயந்தரம் சாவடியில மகளிர் குழுப் பொம்பளைகளை உக்காரவச்சு, மாசாமாசம் நாப்கின் வாங்கித் தூக்கிப் போடாதீக, துவைச்சுக் கட்டுற துணி இருக்கு, கழுவி மாட்டுற கப்பு இருக்குன்னு பேசப் போறியாம். பேசு, நல்லாப் பேசு. நானும் முன்வரிசையில வந்து உக்காருறேன். ஆனா அதுக்கு முந்தி இந்தக் கிழவிகிட்ட ஒரு ஒத்திகை பாத்துட்டுப் போயிரு. அங்கன்வாடியில சத்துமாவு கிண்டியே தலை நரைச்சவ நான். இந்த ஊர்ப் பொம்பளைக எந்த இடத்துல வாயைப் பொத்திச் சிரிப்பாளுக, எந்த இடத்துல எந்திரிச்சுப் போவாளுகன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல பையைத் தொற. ம்ம். பூப்போட்ட ஃபிளானல் துணி. உள்ளுக்கு நாலஞ்சு மடிப்பு. அடியில ஈரம் இறங்காத ஒரு துணி வச்சுத் தச்சிருக்கு. ரெண்டு பக்கமும் ரெக்கை, ரெக்கையில டிச் பட்டன். துவைச்சுத் துவைச்சு மூணு நாலு வருசம் கட்டலாம்ங்கிற. விலை? முன்னூறா? ஒண்ணா, ஒரு டசனா? ஒண்ணா! அடி ஆத்தி. எங்கம்மா உசுரோட இருந்திருந்தா கிழிஞ்ச சுங்குடிச் சேலையை வச்சே ஒரு மில்லு கட்டியிருப்பா.

நாங்க துணி கட்டிக்கிட்டுத்தான இருந்தோம். உங்களாட்டம் பட்டணத்து ஆளுகதான் வந்து, சீ, துணியா, அசுத்தம், வியாதி வரும், நாப்கின் வாங்குன்னீக. வாங்குனோம், பழகுனோம். இப்ப நீங்களே திரும்பி வந்து, சீ, நாப்கினா, பிளாஸ்டிக்கு, பூமி கெட்டுப்போகும், துணிக்கு மாறுங்கிறீக. போயிட்டு வந்த நேரத்துல எங்க துணி எப்படி முன்னூறு ரூவா ஆச்சுன்னு மட்டும் யாரும் கணக்குச் சொல்ல மாட்டேங்கிறீக. சிரிக்காத. நாளைக்கு மேலவீட்டு மதினி எந்திரிச்சு இதைத்தான் கேப்பா. நேத்து நீயே போனைப் பாத்து வாசிச்சியே, 2019-21ல சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்கு. நாடு பூராவும் 15லயிருந்து 24 வயசு வரைக்கும் உள்ள புள்ளைகள்ல நாப்கின் வைக்கிறவ 100க்கு 64. அப்பப்ப துணியும் வைக்கிறவ 100க்கு 50. பாதிப் பேரு துணியை விடவே இல்ல தாயி. விடாதவகிட்டப் போய், துணிக்குத் திரும்பி வாங்கன்னா அவ என்ன பண்ணுவா?

அதனால நாளைக்குப் பேச்சைத் துணியில ஆரம்பிக்காத. துணியை நாங்க ஏன் விட்டோம்கிறதுல ஆரம்பி.

மொதக் குத்தவாளி சேலை. எங்கம்மா கட்டுனது நூல்சேலை. சுங்குடி, கண்டாங்கி. கட்டிக் கட்டித் துவைச்சு, நூல் பதமாகி, கிழிச்சு மடிச்சா ஒரு சொம்புத் தண்ணியைக் குடிக்கும். எங்க காலத்துல நைலக்ஸ் வந்துச்சு, பின்னால பூனம் வந்துச்சு. கசங்காது, சாயம் போகாது, துவைச்ச சூட்டுல காஞ்சிரும். மினுக்கிக்கிட்டுத் திரிஞ்சோம். கிழிச்சுக் கீழ வச்சாத்தான் தெரிஞ்சது, ஒரு பொட்டு உறிஞ்சாது, எல்லாம் கெண்டைக்காலுக்கு வழியும். அப்புறம் துணிமேல பழி போட்டோம்.

ரெண்டாவது குத்தவாளி, காயப்போட்ட இடம். விடியமுந்தி, ஆம்பளைக முழிக்கமுந்தி, கம்மாக்கரையில ஒரு ஓரமா அலசணும். சவுக்காரம் போட்டா நுரை காட்டிக் குடுத்துரும்னு அதுவும் கிடையாது. அலசிக் கொண்டாந்தா எங்க போடுறது? மாட்டுக்கொட்டத்துல, கூரை எறவானத்துல, ஈரச் சாக்குக்கு அடியில. ஆம்பளை கண்ணுல பட்டா ஆகாது. பாம்பு அதுமேல ஊர்ந்தா புள்ளை தங்காதுன்னு வேற மிரட்டி வச்சிருந்தாக. பாம்புக்கு வேற சோலி இல்ல பாரு, வீடு வீடா வந்து பொம்பளை துணியைத் தேடுறதுக்கு. அரையும்குறையுமாக் காஞ்சதை எடுத்து அடுத்த மாசம் மடிச்சுக் கட்டுனா அரிப்பு, படை, வெள்ளைப்படுறது, துர்வாடை. இதுல பூரான் வேற குடியிருக்கும். வியாதி எறவானத்துல இருந்துச்சு, பேரு துணிக்கு வந்துச்சு.

அதே துணியை நாலுபேர் பாக்க வெயில்ல போட்டிருந்தா பாதி சீக்கு வந்தே இருக்காது. உறைக்க வெயில் பட்டு ஒட்டக் காஞ்ச துணியில கிருமி லேசுல பொழைக்காது. இதுக்கு ஒரு டாக்டரும் வேணாம், நம்ம ஊர்ல வருசத்துல பத்து மாசம் தலையைப் பொளக்கிற வெயில் இலவசமா அடிக்குது. அதை வாங்கத்தான் எங்களுக்குத் துப்பில்லாமப் போச்சு.

ஒளிச்சு வைக்கிறதுங்கிறது துணியோட நிக்காது ஆத்தா. ஆளையே ஒளிச்சு வைப்பாக. 2018 நவம்பர்ல கஜாப் புயல் அடிச்சப்ப, பட்டுக்கோட்டைப் பக்கம் வயசுக்கு வந்து சடங்கு கழியாத சின்னப் புள்ளையைத் தனியாக் குடிசையில படுக்க வச்சிருந்தாக. தென்னை மரம் குடிசைமேல சாஞ்சு புள்ளை போயிருச்சு. நான் அந்தச் சேதியை வாசிச்ச அன்னைக்கு அடுப்புப் பத்தவைக்கல. சரி, விடு.

அந்தக் கோயமுத்தூர்க்காரரு, முருகானந்தம், 2016ல பத்மஸ்ரீ வாங்குனாரே, சினிமாகூட எடுத்தாகளே, அவரு கதை எங்க தொடங்குச்சு? கட்டுன பொண்டாட்டி எதையோ முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டுப் போறா, என்னன்னு பாத்தா அழுக்குத் துணி. மத்த புருசமாரும் பாத்திருப்பாக, பாக்காத மாதிரி போயிருப்பாக. இவரு மட்டும் அது என்னன்னு கேட்டுட்டாரு. கேட்ட குத்தத்துக்குப் பந்துப் பிளாடரில ஆட்டு ரத்தத்தை ஊத்தி இடுப்புல கட்டிக்கிட்டு நடந்து, சைக்கிள் ஓட்டி, ஊராரு கிறுக்கன்னு சொல்ல, கடைசியில மலிவா நாப்கின் செய்யிற மிசினைக் கண்டுபிடிச்சாரு. ஒரு ஆம்பளை வாயைத் தொறந்து கேட்டதுக்கு ஒரு பத்மஸ்ரீ. எம்மகனும் இருக்கானே, உங்கப்பன். இம்புட்டு வருசத்துல ஒரு கேள்வி கேட்டதில்ல.

அதனால நாப்கினைத் திட்டாத. இது நான் கண்டிப்பாச் சொல்லுறது. 2012ல புதுயுகம்னு திட்டம் வந்து, வளர்ற புள்ளைகளுக்கு ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட்டு, பாக்கெட்டுக்கு ஆறுன்னு சர்க்காரு குடுத்துச்சு. இந்தக் கையாலதான் குடுத்தேன். அந்த மூணு நாளும் பள்ளிக்கூடம் வராம வீட்டுல சுருண்டு கிடந்த புள்ளைக பையைத் தூக்கிக்கிட்டுப் போச்சுக. தண்ணி வராத கக்கூசு இருக்கிற பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ளைகிட்டப் போய், கண்ணு, பூமியைக் காப்பாத்து, துணிக்கு மாறுன்னு சொன்னேன்னு வையி, முதுகுல ரெண்டு போடுவேன். தண்ணியும் வெயிலும் கதவும் இருக்கிறவ மாறட்டும். இல்லாதவளுக்கு முதல்ல அந்த மூணையும் வாங்கிக் குடு, அப்புறம் உபதேசம் பண்ணு. காசு மிச்சமாகும்னும் ரொம்ப அடிச்சுவிடாத. மக்கள் மருந்தகத்துல ஒரு நாப்கினை ஒரு ரூவாய்க்குக் குடுக்கிறாகன்னு சின்னாத்தா எந்திரிச்சுச் சொன்னா உன் கணக்கு சாவடியிலயே கவுந்துரும்.

எதைச் சொன்னா எடுபடும்கிற? கருப்புக் கவரைச் சொல்லு.

மெடிக்கல்ல போய் நாப்கின் கேளு. கடைக்காரத் தம்பி அங்கிட்டு இங்கிட்டுப் பாப்பான், குரலை எறக்குவான், பேப்பர்ல சுத்துவான், கருப்புக் கவருக்குள்ள போடுவான், கஞ்சா கைமாத்துற பவுசுல நீட்டுவான். வயித்துப்போக்கு மாத்திரையை மட்டும் ஊரே கேக்கிற சத்தத்துல, எத்தனை தடவை போச்சுன்னு விசாரிச்சுத் தருவான். நம்ம சர்க்காரு 2019 சனவரி ஒண்ணுல இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டுச்சுல்ல? கருவாடு வாங்கப் போனா, மஞ்சப்பை கொண்டாந்தியான்னு கேக்கிறான். இதுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கருப்புக் கவர் மொளைச்சு வருது. அதுலயும் விசேசம் என்னன்னா, பைக்குத் தடை, பைக்குள்ள இருக்கிற பைக்குத் தடை இல்ல. நாப்கினுக்கு அடியில ஒட்டியிருக்கிறது பாலித்தீன். மேல மெத்துன்னு இருக்கிறதும் பெரும்பாலும் பஞ்சு இல்ல, அதுவும் பிளாஸ்டிக்தான். நடுவுல ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற ரசாயனத் தூள், தண்ணியைக் குடிச்சுக் கூழாகும். கம்மாக்கரையில நாய் பிறாண்டிப் போட்டிருக்கே, மழைபெஞ்சா உப்பி ஊதிக் கிடக்குதே, அந்தக் கூழ்தான். நம்ம பேரன் பேத்தி, அவுக பேரன் பேத்தின்னு வரிசையா வந்து போனாலும் அது மக்காது.

மாசம் பன்னெண்டு வச்சாலும், ஒருத்தி பதிமூணு வயசுல உக்காந்து நாப்பத்தெட்டுல நிக்கிறவரைக்கும் ஐயாயிரம் தாண்டிரும். ஒரு தெருவுல முப்பது வீடு. பெருக்கிக்க, எனக்குக் கணக்குல அப்பவே வீக்கு. அம்புட்டும் எங்க போகுது? கருவேலமுள்ளுக்குள்ள, கக்கூசுக் குழாய்க்குள்ள, குப்பை வண்டிக்குள்ள. வண்டியில வர்ற தூய்மைக் காவலர் யாரு? நம்ம கீழத்தெருப் பொம்பளை. அவதான் கையால பிரிக்கணும். உன் ரத்தத்தை உன் புருசன் கண்ணு பாக்கக்கூடாது, அவ கை தொடலாம். இதை எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்காகன்னு நாளைக்குச் சாவடியில நிறுத்தி நிதானமாக் கேளு. நாப்கினோட சுத்திப்போட ஒரு உறையும் குடுக்கணும்னு 2016ல கம்பெனிக்காரனுக்குச் சட்டம் போட்டாக, தனியாச் சுத்திப் போடணும்னு நமக்கும் போட்டாக. சட்டம் பத்திரமா இருக்கு, அதுக்கு ஒரு சேதாரமும் இல்ல.

எரிச்சிரலாமேன்னு ஒருத்தி சொல்லுவா. பள்ளிக்கூடத்துல சுவத்துல மாட்டியிருக்கிற அந்தக் குட்டி மிசின் தெரியும்ல? ஆசுபத்திரிக் கழிவு எரிக்கிற சூளைக்குச் சூடு 800 டிகிரிக்குக் குறையக்கூடாதுங்கிறது விதி. சுவத்து மிசின்ல அம்புட்டுச் சூடு ஏறுதான்னு பாக்க ஆள் ஏது? சூடு பத்தாமப் பிளாஸ்டிக்கை எரிச்சா வர்ற புகை விசம். கொல்லையில குப்பையோட கொளுத்துறவளுக்கும் அதேதான்.

சரி, கப்புக்கு வருவோம். உங்கம்மா சூப்புன்னு சொன்ன கதையைச் சாவடியில சொல்லிரவா?

முந்தாநாள் உங்கப்பன் அடுப்படிக்குள்ள வந்தான். டீச்சட்டியில தண்ணி தளதளன்னு கொதிக்குது, உள்ள ரோஸ் கலர்ல ஒண்ணு குட்டிக்கரணம் போடுது. கோயில் மணியோட நாக்கைப் பிடுங்கிட்டுத் தலைகீழா விட்ட மாதிரி ஒரு சாமான். இது என்ன வேகுதுன்னான். உங்கம்மா முந்தானையை விரிச்சுச் சட்டியை மறைச்சுக்கிட்டு, சூப்புன்னா. பாவம், எம்மகன் பத்து மணி வரைக்கும் சூப்பு வரும்னு திண்ணையில காத்துக் கிடந்தான். மிளகு தட்டட்டுமான்னு வேற கேட்டான். அதனால மொதப் பாடம், அதுக்குன்னு தனியா ஒரு சட்டி வச்சுக்க. அது முங்க முங்கத் தண்ணி ஊத்தி அஞ்சு பத்து நிமிசம் கொதிக்கட்டும். தண்ணி வத்தவிட்டா சட்டியடியில ஒட்டிக் கருகிரும், பத்து வருசம் உழைக்கிற சாமான் பத்து நிமிசத்துல போயிரும்.

இது நேத்து வந்த நாகரிகம்னு நெனச்சு மூக்கைச் சுளிப்பாளுக. சுளிச்சா, 1937ன்னு சொல்லு. அமெரிக்காவுல லியோனா சால்மர்ஸ்னு ஒரு நாடக நடிகை, அந்த வருசத்துலயே இதுக்கு உரிமை வாங்கிட்டா. மேடையில வெள்ளை உடுப்புப் போட்டு ஆடுறவளுக்குத்தான தெரியும் அந்தக் கஷ்டம். எங்கம்மா பாவாடையை இழுத்துக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. அப்புறம் உலகச் சண்டை வந்து ரப்பர் பூரா பட்டாளத்துக்குப் போயிருச்சு, கப்புக்கு ரப்பர் இல்லன்னுட்டாக. இப்ப ரப்பர் இல்ல, ஆசுபத்திரியில புழங்குற சிலிக்கான்.

நம்மளை மலையாளத்துக்காரி முந்திட்டா. 2019ல ஆலப்புழை முனிசிபாலிட்டியில ஐயாயிரம் பேருக்கு இலவசமாக் குடுத்தாக. குடுத்தது யாரு தெரியுமா? எச்.எல்.எல். அதோட பழைய பேரு இந்துஸ்தான் லேட்டக்ஸ், 1966ல தொடங்குன சர்க்கார் கம்பெனி. நிரோத் ஆணுறை செஞ்சது அவுகதான். காலமெல்லாம் ஆம்பளைக்கு மாட்டப் பாத்தாக, அவன் பிடி குடுக்கல. சரி, பொம்பளையாவது சொன்னாக் கேப்பான்னு இந்தப் பக்கம் திரும்பிட்டாக. 2022 சனவரியில கொச்சிக்குப் பக்கத்துல கும்பளங்கின்னு ஒரு ஊரு, நாப்கினே இல்லாத பஞ்சாயத்துன்னு கவர்னரை வச்சு அறிவிச்சாக. கவர்னரு மேடையில உக்காந்து கேக்கிறாரு! நம்ம பிரசிடெண்டுகிட்ட இந்தப் பேச்சை எடுத்தா, அவசர சோலி இருக்குன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போயிருவாரு. ஆனா ஒண்ணு. அறிவிச்சுப் போர்டு வச்சுட்டா அம்புட்டுப் பேரும் மாறிட்டாகன்னு நான் நம்ப மாட்டேன். நானும் சர்க்கார் திட்டத்துல வேலை பாத்தவதான், ரிஜிஸ்தர்ல 100 போடுறது எம்புட்டுச் சுலபம்னு எனக்குத் தெரியும்.

நாளைக்குக் கேள்வி வரும் பாரு, அது மேடையில வராது. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டுறப்ப ஒருத்தி காதுக்குள்ள கேப்பா, இதை வச்சுக்கிட்டு ஒண்ணுக்குப் போறது எப்படின்னு. சிரிச்சிராத. நாலு புள்ளை பெத்தவளுக்கே அது வேற வழி, இது வேற வழின்னு யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. இன்னொருத்தி, உள்ள போனது வயித்துக்குள்ள ஏறிப்போச்சுன்னான்னு கேப்பா. ஏறாது, கர்ப்பப்பை வாய் அதை விடாதுன்னு சொல்லு. நகத்தை வெட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, கப்பை ரெண்டா மடி, குத்தவச்சு உக்காந்து மெதுவாத் தள்ளு, உள்ள போய் விரிஞ்சுக்கிரும். எடுக்கிறப்ப காம்பைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுக்காம, அடியைப் பிதுக்கிக் காத்தைப் பிரிச்சுவிட்டு எடு. நம்ம ஊர்க் கக்கூசு இதுக்குன்னே கட்டுனது. பட்டணத்து நாற்காலிக் கக்கூசுல நீ பட்ட பாட்டை உங்கம்மா சொன்னா. 2019ல லான்செட் பத்திரிகைக்காரக 43 ஆய்வைச் சேத்துவச்சுப் பாத்துட்டு, கசிவு நாப்கினை விடக் கூட இல்ல, பத்திரமானதுதான், ஆனா பழகக் கொஞ்ச மாசம் பிடிக்கும்னாக. அந்தக் கடைசி வரியை விட்டுராம சொல்லு. மொத மாசமே சரியா உக்காரலன்னு தூக்கி எறிஞ்சுட்டு உன்னைத்தான் வைவாளுக.

கல்யாணமாகாத புள்ளை மாட்டலாமான்னு கட்டாயம் கேப்பாளுக. தாராளமா மாட்டலாம், சின்ன அளவு இருக்கு, கூச்சமா இருந்தா துணியே போதும்னு சொல்லு. சவ்வு கிழிஞ்சா யோக்கியதை போயிருமேன்னு எவளாவது இழுத்தா, சவ்வை வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு டாக்டர்மாரு சொல்லிட்டாக, மாப்பிள்ளை யோக்கியதையைப் பாக்க எந்தச் சவ்வு வச்சிருக்கீகன்னு திருப்பிக் கேளு. நீ கேக்கலன்னா நான் கேப்பேன்.

காப்பர்-டி மாட்டுனவ டாக்டரைக் கேக்காமக் கப்பைத் தொடக்கூடாது, இதை மட்டும் ரெண்டுதரம் சொல்லு. சர்க்கார் ஆசுபத்திரியில பிரசவம் ஆன கையோட காப்பர்-டி போட்டுவிட்டிருப்பாக, பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. கப்பை இழுக்கிறப்ப அதுவும் கூட வந்துரப் பாக்கும். பச்சை உடம்புக்காரிக்கும் ஆகாது. அடி இறங்குனவளும் கேட்டுத்தான் செய்யணும். பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல உள்ள வைக்கக்கூடாது. அதுக்காகப் பயமுறுத்தாத, ஏன்னா கப்பு யாருக்கு வரம்னு யோசி. நூறு நாள் வேலைக்குப் போறவ, சித்தாள் வேலைக்குப் போறவ. அவளுக்கு நாள் பூரா ஒரு மறைப்புக் கிடையாது, ஒரு சொம்புத் தண்ணி கிடையாது. விடியக்காலம் மாட்டிக்கிட்டுப் போனா வீடு வந்து எடுத்துக்கலாம். உங்க ஏ.சி. ஆபீசுல இருக்கிறவளை விட அவளுக்குத்தான் இது தேவை.

இன்னொண்ணும் இருக்கு, அது உன் போன்ல எவளும் சொல்லல. கப்புல மில்லிக் கோடு போட்டிருக்கான் பாரு. எம்புட்டு ரத்தம் போகுதுன்னு ஒரு பொம்பளை தன் கண்ணால அளந்து பாக்க இதை விட்டா வேற வழி ஏது? அதே 2019-21 சர்க்கார் கணக்குல, தமிழ்நாட்டுல 15லயிருந்து 49 வயசுப் பொம்பளைகள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நான் இரும்புச்சத்து மாத்திரையோட வீடு வீடா அலைஞ்சப்ப, ரொம்பப் போகுதான்னு கேட்டா, எல்லாருக்கும் போறதுதான் டீச்சரேம்பாளுக. அஞ்சு நாளைக்கும் சேத்து 80 மில்லிக்கு மேல போனா அது எல்லாருக்கும் போறது இல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். என்கிட்ட அன்னைக்கு இந்தக் கப்பு இருந்திருந்தா எத்தனை பேரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.

அம்புட்டுத்தான். நல்லாத்தான் பேசப் போற. ஆனா ஒரு சந்தேகம். போன மாசம் நான் சென்னைக்கு வந்தப்ப, உன் வீட்டு பால்கனியில துண்டு காஞ்சுச்சே. ராவும் பகலும், மூணு நாளா அதே துண்டு. அந்தத் துண்டுக்கடியில என்னடி இருந்துச்சு?

முழிக்காத. தூக்கிப் பாத்துட்டேன். பூப்போட்ட முன்னூறு ரூவாத் துணி நாலு, பயந்துபோய் ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கு. ஈரம் இன்னும் போகல, மக்கின வாடை. எதுத்த பிளாட்டுக்காரரு பாப்பாருன்னியாம். மொட்டைமாடிச் சாவி சங்கத்துச் செயலாளர்கிட்ட இருக்கு, அவர்கிட்டப் போய்க் கேக்கக் கூச்சமா இருக்குன்னியாம். ஊருக்குத்தான் உபதேசம்! எறவானத்தைப் பதிமூணாவது மாடிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருக்க, வேற என்ன? ஆரோவில் பக்கம் பொம்பளைக 2010லயிருந்து துணி நாப்கின் தச்சு உலகம் பூராவும் அனுப்புறாகன்னு சொன்னியே, எதுல வேணா தைக்கட்டும், வெயிலைச் சேத்துத் தைக்க முடியாது. அதை நீதான் ஏற்பாடு பண்ணணும். போய்ச் சாவியைக் கேளு. என்னத்துக்குன்னு கேட்டா, என்னத்துக்கோ அதைச் சொல்லு. அந்த மனுசன் அடுத்த தடவை கேக்காமலே குடுத்துருவான்.

உங்கப்பன் பனியனைப் பாரு. முதுகுல ஆறு ஓட்டை, அக்குள்ல ரெண்டு. வாசல் கொடியில, தெருவே பாக்க, ராசா கணக்கா ஆடிக்கிட்டு இருக்கு. அதுக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி உனக்கு வந்தாப் போதும். உங்கம்மாவுக்கும் சொல்லிட்டேன், பச்சைத் தண்ணியில ஊறவையி, சுடுதண்ணி ஊத்துனா கறை ஒட்டிக்கும், சோப்புப் போட்டு அலசு, வாசனைத் தண்ணி கீசனைத் தண்ணியில முக்காத, துணி உறிஞ்சாமப் போகும். அலசுன தண்ணியை வாழைக்கு ஊத்து. தூரமானவ நிழல் பட்டாலே செடி பட்டுப்போகும்னு சொன்னாக, நம்ம வாழை என்னமோ ரெண்டு சீப்பு கூடத்தான் தள்ளியிருக்கு. காயப்போடுறது வாசல் கொடியில. உங்கப்பன் முறைச்சான்னா, பனியனை வேணா கொல்லையில போட்டுக்கச் சொல்லு.

சரி, நேரமாச்சு. போறப்ப அந்தப் பையில இருந்து எனக்கு ரெண்டு எடுத்து வச்சுட்டுப் போ. எனக்கு எதுக்கா? எனக்கு எல்லாம் நின்னு எந்தக் காலமோ ஆச்சு. ஆனா புள்ளை பெத்த உடம்புடி இது. தும்முனா, இருமுனா, வாய்விட்டுச் சிரிச்சா, ரெண்டு சொட்டு நம்மைக் கேக்காமப் போயிருது. டவுனு பஸ்சுல போனா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் சாமியைக் கூப்பிடுறேன். என் வயசுக்காரிக நெறையப் பேருக்கு இதுதான் கதை, கல்யாண வீட்டுக்கே போறதில்ல, கேட்டா முட்டிவலிம்பாளுக. நாளைக்குச் சாவடியில கெழவிகளையும் கூப்பிட்டு முன்னால உக்கார வையி. உன் சரக்கு அவளுககிட்டத்தான் மொதல்ல விக்கும். எனக்கு அந்த ஊதாப் பூப் போட்டது. காசு பென்சன் வந்ததும் தாரேன், ஆனா முன்னூறு எல்லாம் தர முடியாது, இருநூத்தம்பதுன்னு போட்டுக்க.